மணைப்பலகைக் கோலத்தில் ஓர் இழை தடித்தும் மற்றோர் இழை மெலிந்தும் எரிகிறது: குறை புள்ளியின் வடிவத்திலா, மின்னோட்டத்திலா?

பாமணிக்கரை (மன்னார்குடி) கேட்டது:

அனைவருக்கும் வணக்கம். எங்கள் குடும்பத்துக்கு மரவேலையே தொழில். கல்யாணத்துக்கு வேண்டிய மணைப்பலகைகளைப் பலா மரத்தில் செய்து கொடுக்கிறோம். அவற்றின் மேல் சிக்குக் கோலத்தைச் சுட்டுப் பதித்துத் தந்தால் நன்றாக இருக்கும் என்று பலர் கேட்டதால், பழைய பிரிண்டர்களின் தண்டுகளையும் ஸ்டெப்பர் மோட்டார்களையும் கொண்டு ஒரு சிறிய பொறிப்பு இயந்திரத்தை நானே கட்டினேன். கட்டுப்பாட்டுக்கு ஆர்டுயினோ என்னும் சிறு மின்னணு அட்டையில், மோட்டார்களையும் லேசரையும் இயக்கும் ஜிஆர்பிஎல் மென்பொருள் ஓடுகிறது. சுடுவதற்கு 450 நானோமீட்டர் நீல லேசர் டையோடு வைத்திருக்கிறேன். விற்றவர் அதை ஐந்து வாட் என்று சொன்னார். ஆனால் அதனுடன் வந்த தாளில் 1.2 ஆம்பியர், 4.3 வோல்ட் என்று மட்டுமே இருக்கிறது.

என் கேள்வி இரண்டு. சிக்குக் கோலத்தில் புள்ளிகளைச் சுற்றி வளைந்து செல்லும் இழைகளில், இடமிருந்து வலமாக மேலேறும் இழை தடித்தும் வெளிறியும் விழுகிறது. அதையே குறுக்காகக் கடந்து வலமிருந்து இடமாக ஏறும் இழை மயிரிழை போல மெலிந்தும் நன்கு கருத்தும் விழுகிறது. ஒரே கோலத்தை இரண்டு பேர் வெவ்வேறு கையால் இழுத்தது போலத் தோன்றுகிறது. லென்ஸைத் திருகித் திருகிக் குவியத்தைச் சரிசெய்து பார்த்தும், புள்ளி வட்டமாக வரவே இல்லை. எவ்வளவு கூர்மையாக்கினாலும் ஒரு சிறு கோடாகத்தான் நிற்கிறது. மின்னோட்டத்தை 1.4 ஆம்பியருக்கு உயர்த்தினால் வெளிறிய இழை கருக்கும் என்று நினைத்து உயர்த்தினேன். அது கருக்கவில்லை, அதற்குப் பதிலாக இரண்டு விளிம்பிலும் கரிக்கோடு விழுந்து நடுவில் வெளிறியது.

இரண்டாவது, இது நான் வாங்கிய இரண்டாவது டையோடு. முதலாவது ஒரே நாளில் போய்விட்டது. இரண்டு திருகு உள்ள எக்ஸ்எல்4015 பக் மாட்யூலில் (வோல்டேஜைக் குறைத்துத் தரும் சிறு சுற்று) வோல்டேஜை 9 என்று வைத்து, மல்டிமீட்டரின் பத்து ஆம்பியர் முனைகளால் வெளியீட்டைக் குறுக்கிணைத்து மின்னோட்டத்தைச் சரியாக 1.2 என்று அமைத்துவிட்டு, மல்டிமீட்டரை எடுத்துவிட்டு டையோடின் கம்பியைச் செருகினேன். ஒரு கணம் பளீரென்று தெரிந்தது. அதற்குப் பிறகு அது நீல நிறத்தில் மங்கலாக, அலங்கார சீரியல் விளக்கைப் போல எரிகிறதே தவிர, காகிதத்தைக்கூடச் சுடவில்லை. அளவு சரியாகத்தானே வைத்தேன், ஏன் போனது? இரண்டாவதையும் இழக்கும் நிலையில் நான் இல்லை. வைகாசி முகூர்த்தங்களுக்குப் பதினான்கு பலகை தர வேண்டியிருக்கிறது.

குடமுருட்டி (திருவையாறு) பதில்:

தம்பி, நான் பாலிடெக்னிக்கில் மின்னணுவியல் நடத்தி ஓய்வு பெற்றவன். உங்கள் இரண்டாவது கேள்விதான் என் பக்கத்தைச் சேர்ந்தது என்பதால் அதை முதலில் எடுத்துக்கொள்கிறேன்.

நீங்கள் வைத்த அளவு சரி, செருகிய முறைதான் தவறு. அந்த மாட்யூலின் வெளியீட்டில் ஒரு மின்தேக்கி, அதாவது கெப்பாசிட்டர், இருக்கிறது. வெளியே எதுவும் இணைக்கப்படாதபோது மின்னோட்ட வரம்புக்கு வேலையே இல்லை. வெளியீடு நீங்கள் வைத்த 9 வோல்ட் வரை ஏறி நிற்கும், கெப்பாசிட்டரும் அதுவரை நிரம்பி நிற்கும். அந்த நிலையில் 4.3 வோல்ட் மட்டும் கேட்கும் டையோடைச் செருகினால், மிச்சமுள்ள மின்னேற்றம் முழுவதும் வரம்புச் சுற்றைக் கேட்காமலே கெப்பாசிட்டரிலிருந்து நேராக டையோடுக்குள் பாயும். கெப்பாசிட்டர் 220 மைக்ரோஃபாரட் என்று வைத்துக் கணக்கிட்டால், 9 வோல்ட்டிலிருந்து 4.3 வோல்ட்டுக்கு இறங்கும்போது விடும் ஆற்றல் ஏறத்தாழ 7 மில்லிஜூல். கேட்கச் சிறியதாகத்தான் இருக்கிறது. ஆனால் அது கண்ணிமைக்கும் நேரத்தில் ஆயிரத்தில் ஒரு பங்குக்குள் பல ஆம்பியராகப் பாய்கிறது. டையோடின் ஒளி வெளியேறும் முகமோ ஒரு மைக்ரான் உயரமே உள்ளது. அந்த முகத்தில் ஒளியின் அடர்த்தி தாங்க முடியாத அளவுக்குப் போனதும் படிகமே உருகிவிடுகிறது. கண்ணாடி போல இருந்த முகம் கெட்டுவிட்டால் ஒளி உள்ளே திரும்பித் திரும்பி வலுப்பெறுவது நின்றுவிடும். மிஞ்சுவது வெறும் எல்இடி. நீங்கள் கண்ட மங்கலான நீலம் அதுதான்.

இதில் பலர் புரிந்துகொள்ளாத ஒன்று உண்டு. மோட்டாரும் பல்பும் சராசரியைத்தான் பார்க்கும். சற்று மிகுந்தால் சூடாகும், குறைத்தால் ஆறும். லேசர் டையோடு உச்சத்தைப் பார்க்கிறது. ஜிஆர்பிஎல் அனுப்பும் துடிப்பு முறையில் நீங்கள் திறனை இருபது சதவீதம் என்று வைத்தாலும், ஒவ்வொரு துடிப்பிலும் டையோடுக்குள் ஓடுவது முழு மின்னோட்டம்தான். இருபது சதவீதம் என்பது அது எரிந்திருக்கும் நேரத்தின் கணக்கு. ஆகவே டிரைவரில் 1.4 ஆம்பியர் வைத்துவிட்டு, மென்பொருளில் பாதியாகக் குறைத்திருக்கிறேன் என்று ஆறுதல் கொள்ள முடியாது.

ஐந்து வாட் என்று விற்றவர் முழுப் பொய் சொல்லவில்லை. 1.2 ஆம்பியரை 4.3 வோல்ட்டால் பெருக்கினால் 5.2 வாட் வருகிறது. அது உள்ளே போகும் மின்சாரம். வெளியே வரும் ஒளி வேறு. இந்த வகை டையோடு ஏறத்தாழ 0.2 ஆம்பியர் வரை வெறுமனே மினுக்கும். அந்தத் தொடக்க மின்னோட்டத்தைத் தாண்டிய பிறகுதான் லேசராக மாறி, கூடுதலாகத் தரும் ஒவ்வோர் ஆம்பியருக்கும் ஒன்றேகால் வாட் அளவில் ஒளி தரும். உங்களுக்குக் கிடைப்பது ஒரு வாட்டும் சற்றும்தான். மீதி நான்கு வாட்டும் வெப்பமாகி உங்கள் அலுமினியக் கட்டைக்குள் இறங்குகிறது. தொடக்க மின்னோட்டத்தைக் கடந்த இடத்தைக் கண்ணாலேயே அறியலாம்: தாளின் மேல் விழும் ஒளி அதுவரை வழவழப்பாக இருக்கும், கடந்ததும் மணல் தூவியது போல மினுமினுக்கத் தொடங்கும். இதை நேரடியாகப் பார்க்காமல் கைப்பேசிக் கேமரா வழியாகப் பாருங்கள்.

1962இல் முதல் குறைக்கடத்தி லேசரைச் செய்தபோது, அதைத் திரவ நைட்ரஜனில் குளிர்வித்து, துடிப்பு துடிப்பாகத்தான் இயக்க முடிந்தது; அறை வெப்பத்தில் தொடர்ந்து எரியவைக்க 1970 வரை ஆயிற்று. அந்த எட்டு ஆண்டும் பெரும்பாலும் தொடக்க மின்னோட்டத்தைக் கீழிறக்குவதற்கான பாடுதான். வெப்பம் ஏறினால் அது மீண்டும் மேலேறும் என்பது இன்றும் மாறவில்லை. சித்திரை வெயிலில் ஓட்டுக் கூரைப் பட்டறையில் 1.2 ஆம்பியருக்குக் கிடைக்கும் ஒளி, மார்கழிக் காலையில் கிடைத்ததைவிடக் குறைவாகத்தான் இருக்கும். குறைகிறதே என்று திருகைத் திருப்பிக் கூட்டினால் வெப்பம் இன்னும் ஏறும், ஒளி இன்னும் குறையும்.

நான் உங்கள் இடத்தில் இருந்தால் அந்த பக் மாட்யூலைக் கழற்றி வேறு வேலைக்கு வைத்துவிட்டு, எல்எம்317 என்னும் ரெகுலேட்டர் ஐசி ஒன்றை மாறா மின்னோட்டம் தரும்படி இணைப்பேன். ரெசிஸ்டர் 1.25 ஓம் என்றால் ஓடுவது ஓர் ஆம்பியர்; வேறு கணக்கு இல்லை. ரெசிஸ்டரில் மட்டும் 1.25 வாட் வெப்பமாகும் என்பதால் 5 வாட் கம்பி ரெசிஸ்டராகப் போடுங்கள். 9 வோல்ட் கொடுத்தால் ஐசியில் மூன்றரை வாட் எரியும், அதற்கும் ஹீட் சிங்க் வேண்டும். மின்சாரம் வீணாகிறது என்று சொல்வார்கள், வீணாகட்டும். மின்னோட்டத்தை மாற்ற பிரிசெட் (திருகி அளவை மாற்றும் ரெசிஸ்டர்) வைக்க வேண்டாம். அதன் துடைப்பான் தூசியில் விட்டு விட்டுத் தொடும்.

லேசர் டையோடை இணைக்கும் முன் அதற்குப் பதிலாக ஐந்து சாதாரண 1என்5408 டையோடுகளை வரிசையாகச் சேர்த்து, உடன் ஓர் ஓம் ரெசிஸ்டரையும் சேர்த்துப் போலிச் சுமையாக மாட்டுங்கள். ரெசிஸ்டரின் இரு முனைகளுக்கிடையே ஒரு வோல்ட் தெரிந்தால் ஓடுவது ஓர் ஆம்பியர். பிறகு மின்சாரத்தை நிறுத்தி, டிரைவரின் வெளியீட்டு முனைகளை ஒரு கம்பியால் குறுக்கிணைத்து மின்னேற்றத்தை இறக்கிவிட்டு, அதன் பிறகே லேசர் டையோடைப் பற்றவையுங்கள். பற்றவைத்த இணைப்புதான் வேண்டும், செருகும் இணைப்பு வேண்டாம். ஓடும்போது கம்பி ஒருமுறை விட்டுத் தொட்டால், முதல் டையோடு போன வழியிலேயே இரண்டாவதும் போகும்.

புள்ளியைப் பற்றி ஒரு வார்த்தை: டையோடை அதன் கூட்டுக்குள் 45 பாகை திருப்பி வைத்தால் படுக்கைக் கோடும் நிமிர்ந்த கோடும் ஒரே தடிப்பாக வரும் என்று சொல்வார்கள். அதைச் செய்து பாருங்கள்.

அரசலாறு (கும்பகோணம்) பதில்:

குடமுருட்டி ஐயா மின்னோட்டத்தைப் பற்றிச் சொன்னதில் ஓர் எழுத்தும் மாற்ற வேண்டியதில்லை. ஆனால் 45 பாகை திருப்பும் யோசனை இந்த வேலைக்குப் பொருந்தாது என்று மரியாதையுடன் சொல்லிக்கொள்கிறேன். நான் பெயர்ப்பலகைக் கடை வைத்திருக்கிறேன். ஆங்கில எழுத்துக்கும் கட்டம் போட்ட சட்டத்துக்கும் அந்த யோசனை நல்லது, ஏனென்றால் அவற்றில் பெரும்பாலான கோடுகள் படுக்கையாகவோ நிமிர்ந்தோ இருக்கின்றன. சிக்குக் கோலத்தின் இழைகளோ புள்ளிகளுக்கு இடையே மூலைவாட்டாக ஓடுபவை.

முதலில் புள்ளி ஏன் கோடாக இருக்கிறது என்பதைப் பார்ப்போம். டையோடின் ஒளி வெளியேறும் வாய் வட்டமான துளை அல்ல. கதவின் அடியில் வெளிச்சம் கசியும் இடுக்கு போன்றது. அதன் உயரம் ஒரு மைக்ரான் அளவு. அகலம், உங்கள் டையோடு போன்ற மல்டிமோட் வகையில் (ஒளி ஒரே அமைப்பில் நில்லாமல் பல அமைப்புகளில், அதாவது பல ‘முறை’களில், நிற்கும் வகை), பதினைந்து மைக்ரான் என்று வைத்துக்கொள்ளலாம். ஒளி குறுகலான இடத்திலிருந்து வெளியேறும்போதுதான் அதிகமாக விரியும். ஆகவே உயரத் திசையில் அது 40 பாகை அளவுக்கு விரிகிறது, அகலத் திசையில் 10 பாகைதான் விரிகிறது. 4 மில்லிமீட்டர் குவியத்தூரம் உள்ள லென்ஸ் இதைப் பிடித்து நேராக்கும்போது, லென்ஸின் வாயில் கிடைப்பது ஏறத்தாழ 3 மில்லிமீட்டருக்கு 0.7 மில்லிமீட்டர் பட்டை.

இங்கேதான் எல்லோரும் குழம்புகிறார்கள், நானும் குழம்பியிருக்கிறேன். அந்தப் பட்டையின் நீளம் எந்தத் திசையில் இருக்கிறதோ, தூரத்தில் போய்ப் பார்த்தால் நீளம் அதற்குக் குறுக்கே திரும்பியிருக்கும். லென்ஸுக்குப் பிறகு ஒவ்வொரு மீட்டருக்கும் ஒளி எவ்வளவு விரியும் என்பது டையோடு வாயின் அளவைக் குவியத்தூரத்தால் வகுத்துக் கிடைப்பது: அகலத் திசையில் மீட்டருக்கு ஏறத்தாழ 3.75 மில்லிமீட்டர், உயரத் திசையில் மிகச் சொற்பம். அதனால் அறுபது சென்டிமீட்டரில் ஒளி சதுரம் போலத் தெரியும். இருபது மீட்டர் தள்ளி ஏழரை சென்டிமீட்டர் கோடாகி நிற்கும். வயலை மட்டம் பார்க்கும் லேசர் கருவியில் ஒளி நூறு மீட்டருக்கு அப்பாலும் புள்ளியாகவே நிற்கிறதே என்று கேட்டால், அதில் இருப்பது ஒரே முறையில் ஒளிரும் சிறிய சிவப்பு டையோடு. அதன் வாய் அகலமும் இரண்டு மூன்று மைக்ரான்தான், ஆகவே திறனும் குறைவு. திறனைக் கூட்ட வாயை அகலமாக்கினார்கள். அகலமாக்கியதற்குப் புள்ளியின் வடிவத்தைக் கொடுத்தார்கள்.

பலகைமேல் குவிக்கும்போது நடப்பது இதுதான்: லென்ஸ் அந்த வாயின் உருவத்தையே பெரிதாக்கிப் பலகையில் வரைகிறது. லென்ஸிலிருந்து பலகை 50 மில்லிமீட்டர் தள்ளி இருந்தால், ஐம்பதை நான்கால் வகுக்க, உருவம் ஏறத்தாழப் பன்னிரண்டரை மடங்கு பெரிதாகிறது. பதினைந்து மைக்ரான் அகலம் 0.19 மில்லிமீட்டர் ஆகிறது. உயரத் திசையில் லென்ஸின் குறைபாடுகளையும் சேர்த்து 0.05 என்று வைக்கலாம். ஆக, நீங்கள் மரத்தில் எழுதுவது பட்டை நிப் பேனாவால். அதன் நீளவாட்டில் இழுத்தால் கோடு மெலியும். குறுக்குவாட்டில் இழுத்தால் தடிக்கும். கருமை மாறுவதற்கும் காரணம் அதுவே. நிமிடத்துக்கு 600 மில்லிமீட்டர் வேகத்தில், அதாவது விநாடிக்கு 10 மில்லிமீட்டரில், நீளவாட்டில் போகும்போது மரத்தின் ஓரிடத்தைப் புள்ளி கடக்க ஏறத்தாழ 20 மில்லிவிநாடி ஆகும். குறுக்குவாட்டில் 5 மில்லிவிநாடிதான். மெல்லிய இழை நான்கு மடங்கு நேரம் வெந்திருக்கிறது.

உங்களுக்கு இரண்டு மூலைவாட்டுக்கும் இடையே வேறுபாடு தெரிகிறது என்றால், உங்கள் டையோடு தற்செயலாகவே 45 பாகைக்கு அருகில் மாட்டியிருக்கிறது என்று பொருள். அதை அங்கிருந்து 45 பாகை திருப்பி, புள்ளியின் நீளம் இயந்திரத்தின் எக்ஸ் தண்டுக்கு இணையாக இருக்கும்படி வையுங்கள். அப்போது இரண்டு மூலைவாட்டு இழைகளும் ஒரே தடிப்புக்கு வரும். மெல்லியதாக வரும் என்று சொல்லவில்லை, ஏறத்தாழ 0.17 மில்லிமீட்டருக்கு ஒத்து வரும் என்றுதான் சொல்கிறேன். கோலத்தைச் சுற்றிப் போடும் சட்டக் கோடுதான் அப்போது வேறுபடும். அதற்கு ஒரு திசையில் வேகத்தைக் குறைத்துக்கொள்ளலாம்.

தடிப்பு குறைய வேண்டுமானால் லென்ஸைப் பலகைக்கு அருகே கொண்டுவர வேண்டும். 25 மில்லிமீட்டருக்குக் கொண்டுவந்தால் பெருக்கம் பாதியாகும், புள்ளியும் பாதியாகும். பலா மரப் புகை அப்போது லென்ஸில் படியும் என்பதால் மீன்தொட்டிக்கு வைக்கும் காற்றுப் பம்பின் குழாயைப் புள்ளியின் பக்கவாட்டிலிருந்து ஊதவிடுங்கள். உருளை வடிவ லென்ஸ்கள் இரண்டைக் கொண்டு அகலத் திசையை மட்டும் மூன்று மடங்கு விரித்துப் பிறகு குவித்தால் புள்ளி ஏறக்குறையச் சதுரமாகும் என்பது உண்மை. ஆனால் பூச்சில்லாத கண்ணாடியாக இருந்தால் நான்கு பரப்புகளில் பரப்புக்கு நான்கு சதவீதம் ஒளி போகும்; அதைவிட, அவற்றை நேர்ப்படுத்தி நிறுத்துவதற்குள் உங்கள் வைகாசி முடிந்துவிடும்.

1.4 ஆம்பியரில் இரட்டைக் கரிக்கோடு விழுந்ததற்கும் இதே வாய்தான் காரணம். தொடக்க மின்னோட்டத்தை ஒட்டி இயக்கும்போது அந்தப் பதினைந்து மைக்ரான் அகலத்தில் ஒளி ஒன்றிரண்டு முறைகளில்தான் நிற்கும். மின்னோட்டம் ஏற ஏற, மேலும் சில முறைகள் எழுந்து, ஒளி நடுவிலிருந்து விளிம்புக்குப் பரவும். விரியும் கோணமும் கூடும். நீங்கள் கூட்டிய 0.2 ஆம்பியர் நடுவில் சேரவில்லை, ஓரத்தில் போய்ச் சேர்ந்தது. கருமை வேண்டுமென்றால் மின்னோட்டத்தைத் தொடாமல் வேகத்தைக் குறையுங்கள்.

இதைச் செய்யும் முன் ஒரு சோதனை. மரத்துக்கும் நார் ஓட்டம் உண்டு. நாரின் போக்கில் கரி பரவும். ஆகவே ஒரு துண்டுப் பலகையில் எட்டுத் திசைக்கும் கோடு இழுங்கள்; பிறகு பலகையை மட்டும் கால் சுற்றுத் திருப்பி அதே எட்டுக் கோட்டை இன்னொரு முறை இழுங்கள். தடித்த கோடு பலகையோடு திரும்பினால் குற்றம் மரத்தில். இயந்திரத்தோடு நின்றால் புள்ளியில்.

பாமணிக்கரை பதில்:

குடமுருட்டி ஐயாவுக்கும் அரசலாறு அண்ணனுக்கும் நன்றி. நேற்றிரவே எட்டுத் திசைச் சோதனையைச் செய்தேன். துணிக்கடையில் நூல் எண்ணும் பூதக்கண்ணாடி ஒன்றை இரவல் வாங்கி அதன் அளவுகோலை வைத்துப் பார்த்ததில், தடித்த மூலைவாட்டுக் கோடு கால் மில்லிமீட்டரும் மெல்லியது அதில் பாதிக்கும் குறைவாகவும் இருந்தன. பலகையைத் திருப்பியபோது தடித்த கோடு இயந்திரத்தோடுதான் நின்றது. பலகை திரும்பியதால் மாறியது விளிம்பின் சீர் மட்டும். நாருக்குக் குறுக்கே போன கோடுகளின் ஓரம் சற்றே பிசிறடித்திருந்தது.

பிறகு டையோடு இருக்கும் பித்தளைக் கூட்டின் பக்கத் திருகைத் தளர்த்தி, புள்ளி எக்ஸ் தண்டுக்கு இணையாகும் வரை திருப்பினேன். எல்எம்317 சுற்றையும் செய்து போலிச் சுமையில் பார்த்தேன், 1.25 ஓம் கிடைக்காததால், ஓர் ஓமும் அதன் நான்கில் ஒரு பங்குமாக இரண்டு ரெசிஸ்டர்களைத் தொடராக வைத்தேன், 0.99 ஆம்பியர் காட்டுகிறது. அந்த அளவிலேயே 25 மில்லிமீட்டர் தூரத்தில் ஒரு சிறு கோலம் சுட்டதில், இழைகள் இரண்டும் ஒன்றையொன்று கடக்கும் இடத்தில் எது மேலே போகிறது, எது கீழே போகிறது என்று சொல்ல முடியாத அளவுக்கு ஒத்திருக்கின்றன. என் அம்மாதான் அந்தக் கோலத்தைப் புள்ளி வைத்து வரைந்து தந்தவர். அவர் அதைப் பார்த்துவிட்டு, வளைவுகளில் மட்டும் கை தங்கிவிட்டது என்றார். உண்மைதான், வளைவு திரும்பும் இடங்களில் கறுப்புப் பொட்டு விழுகிறது.

இன்னொரு கேள்வி. நாச்சியார்கோவிலில் குத்துவிளக்கு வார்க்கும் உறவினர் ஒருவர், விளக்கின் அடித்தட்டில் பெயர் பொறிக்க இதே இயந்திரம் ஆகுமா என்று கேட்கிறார்.

ஓடம்போக்கி (திருவாரூர்) பதில்:

கடைசிக் கேள்வியிலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் அதில்தான் ஆபத்து இருக்கிறது. ஒரு வாட் நீல ஒளியால் வெறும் பித்தளையில் எதையும் பொறிக்க முடியாது. உலோகம் வாங்கும் வெப்பத்தை அந்தக் கணமே சுற்றிலும் கடத்திவிடும்; அதற்கு 1064 நானோமீட்டரில் துடிக்கும் ஃபைபர் லேசர் வேண்டும். பித்தளைக்குக் கறுப்புப் பூச்சு அடித்து, அந்தப் பூச்சை மட்டும் சுட்டு நீக்கி, பிறகு அமிலத்தில் அரிக்கவைக்கலாம் என்பது ஒரு வழி. ஆனால் கடைசல் பிடித்து மெருகேற்றிய விளக்குத்தட்டு குழிந்த கண்ணாடிக்குச் சமம். பூச்சு நீங்கிய இடத்தில் பட்ட ஒளி எந்தப் பக்கம் திரும்பும் என்று உங்களால் சொல்ல முடியாது. லேசர் வகைப்பாட்டில் கண்ணிமைப்பே பாதுகாப்பு என்று ஏற்கப்படும் இரண்டாம் வகையின் எல்லை ஒரு மில்லிவாட். அரை வாட்டைத் தாண்டியவை நான்காம் வகை; அவற்றில் சொரசொரப்பான பரப்பில் பட்டுச் சிதறும் ஒளிகூடக் கண்ணைக் கெடுக்கக்கூடும். உங்களுடையது நான்காம் வகை. 450 நானோமீட்டரை உள்ளடக்கிய அலைநீள எல்லையும் ஒளியடர்த்தி எண் (ஓடி, அதாவது கண்ணாடி ஒளியை எவ்வளவு தடுக்கிறது என்பதன் அளவு) நான்கு அல்லது அதற்கு மேல் என்பதும் அச்சிட்ட ஆரஞ்சு நிறக் கண்ணாடிதான் அணிய வேண்டும்; வெல்டிங் கண்ணாடியோ கறுப்புக் கண்ணாடியோ ஆகாது. பட்டறைக்குக் குழந்தைகள் வருவார்கள் என்றால் இயந்திரத்துக்கு ஒட்டுப்பலகையில் ஒரு பெட்டியே செய்துவிடுங்கள், நீங்கள் மரவேலைக்காரர்தானே.

வளைவில் பொட்டு விழுவதற்கு மின்னோட்டம் காரணமல்ல. திரும்பும்போது இயந்திரம் வேகம் குறைகிறது, ஒளி குறைவதில்லை. ஜிஆர்பிஎல்லில் 32ஆம் அமைப்பை 1 என்று மாற்றி, கோப்பில் லேசரை எரியவிடும் எம்3 கட்டளை இருக்கும் இடத்தில் எம்4 என்று போடுங்கள். வேகம் குறையும் விகிதத்தில் துடிப்பின் நேரமும் குறையும்.

என் அனுபவம் ஒன்றையும் சொல்ல வேண்டும். எங்கள் பகுதியில் மழைக்காலத்தில் மின்சாரம் போய்ப் போய் வரும். ஒரு நாள் பாதி வேலையில் போனது. நான் தேநீர் குடிக்கப் போய்விட்டேன். மின்சாரம் திரும்பி வந்தபோது ஆர்டுயினோ தன்னைத் தொடங்கிக்கொள்ளும் அந்த ஓரிரு விநாடியில் அதன் முனைகள் எதையும் சொல்லாமல் மிதந்து நிற்கும். என் டிரைவரோ கட்டுப்பாட்டுக் கம்பி மிதந்தால் எரி என்று பொருள் கொள்ளும் வகை. அன்று மின்சாரம் பலமுறை வெட்டி வெட்டி வந்திருக்க வேண்டும். திரும்பி வந்து பார்த்தபோது பலகையில் விரல் நுனி அளவுக்கு ஒரு குழி கருகிப் புகைந்துகொண்டிருந்தது. அந்தக் கம்பிக்கும் தரைக்கும் இடையே ஒரு பத்து கிலோ ஓம் ரெசிஸ்டரைப் பற்றவைத்த பிறகு அது நிகழவில்லை. உடன் ஒரு ரிலேயும் வைத்திருக்கிறேன். மின்சாரம் ஒருமுறை போய்விட்டால், வந்த பிறகு நான் கையால் பொத்தானை அழுத்தினால்தான் லேசருக்கு வழி திறக்கும்.

குளிர்விப்பதற்காக அந்த வெள்ளை நிறப் பெல்டியர் தகட்டை வாங்க வேண்டாம். ஐப்பசி, கார்த்திகையில் நம் காற்றில் இருக்கும் ஈரத்துக்கு, டையோடு அறை வெப்பத்தைவிடச் சற்றுக் குளிர்ந்தாலே அதன் கண்ணாடியில் பனி கோக்கும். விசிறியும் நல்ல அலுமினியமும் போதும்.

குடமுருட்டி பதில்:

அரசலாறு சொன்ன திருத்தம் சரியே. கோலம் மூலைவாட்டில் ஓடுவது எனக்குத் தோன்றவில்லை, வீட்டு வாசலில் நாள்தோறும் பார்த்தும்கூட. தம்பி 0.99 ஆம்பியரில் நிறுத்தியதும் நல்லது. அதை 1.2க்குக் கொண்டுபோனால் கிடைக்கும் கூடுதல் ஒளி கால் வாட். அதை வேகத்தில் ஐந்தில் ஒரு பங்கைக் குறைத்தே பெற்றுக்கொள்ளலாம்.

ஸ்டெப்பர் மோட்டார்களுக்கும் லேசருக்கும் ஒரே அடாப்டரைப் பயன்படுத்துகிறீர்களா என்று சொல்லவில்லை. ஒரே அடாப்டர் என்றால் பிரித்துவிடுங்கள். மோட்டார் நின்று திரும்பும்போது எழும் மின் அதிர்ச்சியை எல்எம்317 பெரும்பாலும் தாங்கிக்கொள்ளும். பெரும்பாலும் என்ற சொல்லை நம்பி டையோடை வைக்க வேண்டாம். டையோடின் முனைகளுக்குக் குறுக்கே, தலைகீழாக, ஒரு சாதாரண 1என்4007ஐயும் சேர்த்துப் பற்றவையுங்கள். லேசர் டையோடு எதிர்த்திசை வோல்டேஜை இரண்டு மூன்று வோல்ட்டுக்கு மேல் தாங்காது.

அரசலாறு பதில்:

25 மில்லிமீட்டரில் வேலை செய்யும்போது குவியம் இம்மியளவு பிசகினாலும் இழை தடிக்கும். பதினான்கு பலகையும் ஒரே கனத்துக்கு இழைத்தவைதானா என்று பார்த்துக்கொள்ளுங்கள். கூட்டின் அடிவிளிம்புக்கும் பலகைக்கும் இடையே நுழையும்படி ஒரு மரத்துண்டைச் சீவி வைத்துக்கொண்டு, ஒவ்வொரு பலகைக்கும் அதை நுழைத்து உயரம் பாருங்கள். லென்ஸின் மறையில் குழாய் வேலைக்காரர்கள் பயன்படுத்தும் டெஃப்லான் டேப்பை ஒன்றரைச் சுற்று சுற்றித் திருகினால், மோட்டாரின் அதிர்வில் அது தானாகக் கழன்று வராது. டேப்பின் நுனி லென்ஸின் முகத்துக்கு வந்துவிடாமல் பிளேடால் நறுக்கிவிடுங்கள். ஒளி பட்டால் அதுவும் எரிந்து லென்ஸில் படியும்.